புள்ளடியிட ஒரு கட்டம்

எங்களுடைய நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'இனம்' என்றொரு வரி இருக்கும். பிறப்புப் பதிவில் தகப்பனாரின் இனம் உண்டு. பாடசாலை அனுமதியிலும் அது உண்டு. 'இலங்கைச் சோனகர்' என்று எழுதி எழுதிக் கை பழகிப்போன எனக்கு, அந்த வரியே இல்லாத நாடும் உண்டு, அந்த வரி அரைப் பக்கத்துக்கு நீளும் நாடும் உண்டு என்பதை அறுபது வயதுக்குப் பிறகுதான் கண்ணால் காணக் கிடைத்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் ஊர் சுற்றிவிட்டு வந்து எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஈபிள் கோபுரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. 2014இல் பிரான்சில் ஒரு மாதமும், 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று மாதமும் இருந்தேன். இரண்டு இடத்திலும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களைப் பற்றிய கவலைதான் என்னை எழுத வைக்கிறது.

என் மனைவி யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் அங்கிருந்த முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது அவர் என்னோடு கிழக்கில் இருந்தார். மாமாவும் மாமியும் மச்சானும் உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டிலில் சில வருடம் கிடந்துவிட்டு, மச்சான் பிரான்சுக்குப் போனார். அங்கே உணவகமொன்றின் குசினியில் பீங்கான் கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு உயர்ந்தார். பாரிஸ் புறநகர் லாக்கூர்னேவில், அடுக்குமாடியொன்றின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறார்.

சனிக்கிழமையொன்றில் சாமான் வாங்க என்னை லா சப்பலுக்குக் கூட்டிப்போனார். எங்களவர்களின் கடைத்தெரு அது. கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்டார். மச்சான், "சோனகத் தெரு" என்றார். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு முருங்கைக்காயைக் கூடுதலாகப் பையில் போட்டார். அதற்குக் காசு எடுக்கவில்லை. இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே வந்த பிறகு நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ மச்சான், இஞ்ச எல்லாரும் ஒரு சாதிதான்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கும் மச்சானுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பிரெஞ்சு அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சட்டமும் இலேசில் இடம்கொடாது. குடிசன மதிப்பில் அங்கே மதத்தைக் கடைசியாகக் கேட்டது 1872இல். இனத்தையும் மதத்தையும் பதிவுசெய்து வைப்பதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் இறுகக் கட்டுப்படுத்துகிறது. 2007இல் குடிவரவு பற்றிய ஆய்வுகளில் இனத்தைக் கேட்க வழிசெய்யும் ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அரசியலமைப்புப் பேரவை அதைத் தள்ளுபடி செய்தது. குடியரசு ஒன்று, பிரஜை ஒருவன், நடுவில் வேறெந்தக் கூட்டமும் இல்லை என்பது அவர்களுடைய கொள்கை.

இதைக் கேட்டவுடன் பாசாங்கு என்று சொல்லிவிடக் கூடாது. ஜேர்மனியர் பாரிசைப் பிடித்த 1940இல், நகரப் பொலிசார் யூதர்களைப் பதிவுசெய்து அட்டைகள் எழுதினார்கள். 1942 ஜூலையில் யூதர்களை வீடு வீடாகப் போய்ப் பிடிப்பதற்கு அந்த அட்டைகள்தாம் உதவின. எண்ணி எழுதி வைக்கும் பட்டியல் எந்த நேரம் யார் கையில் போகும் என்ற பயம் அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாக்காளர் இடாப்பு யார் யார் கையில் இருந்தது என்பதை அறிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் மச்சானின் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அங்கேயே பிறந்தவள். என்னோடு தமிழ் பேசுவாள், யாழ்ப்பாணத் தமிழும் பிரெஞ்சு மூக்கும் கலந்த தமிழ். ஒரு நாள் காலையில் அவளைப் பாடசாலைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வாசலுக்கு முப்பது யார் தூரத்தில், மதிலோரம் நின்றாள். தலையிலிருந்த ஸ்கார்ப்பைக் கழற்றி நாலாய் மடித்துப் புத்தகப் பையின் முன் பைக்குள் வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுவதுபோல, பழகிய கையால் பார்க்காமலே செய்தார்கள். எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

இந்த விவகாரம் தொடங்கியது 1989இல், பாரிசுக்கு வடக்கே கிரெய் என்ற ஊரில் மூன்று மாணவிகளை முக்காட்டோடு வகுப்புக்கு வரக்கூடாது என்று நிறுத்தியபோது. அந்த வருடமே அரச பேரவை என்ற அவர்களுடைய உயர் நிர்வாக மன்று, முக்காடு அணிவது மட்டும் மதச்சார்பின்மைக்கு முரணாகாது என்று கருத்துச் சொன்னது. பதினைந்து வருட வாதப் பிரதிவாதத்துக்குப் பிறகு 2004 மார்ச் 15இல் அரசாங்கப் பாடசாலைகளில் பகட்டாகத் தெரியும் மதச் சின்னங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2010இல் பொது இடங்களில் முகம் மூடுவதைத் தடுக்கும் சட்டம். 2023இல் கல்வியமைச்சர் பாடசாலைகளில் அபாயாவையும் தடுத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பாடசாலைகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே முக்காட்டோடு படிக்க விரும்பும் பிள்ளைகள் சிலர் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். மதமற்ற குடியரசில் முக்காட்டுக்கு நிழல் கொடுப்பது கன்னியாஸ்திரிகளின் மரபு வழிவந்த பள்ளிக்கூடம்!

மிச்சிகனில் என் மகளின் வீட்டில் நிலைமை தலைகீழ். பேரனை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் தந்தார்கள். முதலில் ஹிஸ்பானியரா இல்லையா என்று கேட்டது. பிறகு வெள்ளையர், கறுப்பர், ஆசியர், பழங்குடியினர், பசுபிக் தீவினர் என்று கட்டம் கட்டமாக நீண்டது. விரும்பினால் ஒன்றுக்கு மேலும் புள்ளடியிடலாம். மதத்தை மட்டும் கேட்கவில்லை. மகள் 'ஆசியர்' என்பதில் புள்ளடியிட்டாள். பக்கத்து மேசையில் யெமன் நாட்டுத் தாய் ஒருவர், தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தியவர், 'வெள்ளையர்' என்ற கட்டத்தில் புள்ளடியிட்டுக்கொண்டிருந்தார். தவறுதலாக இடுகிறாரோ என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "இல்ல வாப்பா, அரபிகள் இங்க வெள்ளைக்காரர்தான்" என்றாள்.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் பிரஜாவுரிமை பெறச் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும். உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு 1870இல் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் வழி திறந்தார்கள். ஆசியருக்கு மூடியே வைத்தார்கள். அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியர் பகத் சிங் திண்ட் என்பவர் தான் ஆரிய இனத்தவர் என்று வாதிட்டுப் பார்த்தார். 1923இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரைச் சொல்வானோ அவரே வெள்ளையர் என்று கூறி அவரை நிராகரித்தது. 1942இல் டிட்ரொயிட்டில் அஹ்மத் ஹஸன் என்ற யெமன் நாட்டவரின் விண்ணப்பத்தை ஒரு நீதிபதி தள்ளினார். தோலின் கருமையும் காரணமாயிற்று, இஸ்லாமிய உலகம் ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகிலிருந்து வேறுபட்டது என்பதும் காரணமாயிற்று. இரண்டே வருடத்தில், 1944இல், மசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு நீதிபதி இன்னொரு அரபியை வெள்ளையர் என்று ஏற்றுக்கொண்டார். அந்த நிபந்தனை முற்றாக ஒழிந்தது 1952இல். வெள்ளையரென்று ஏற்கப்படுவதற்காக மூத்த தலைமுறை வழக்குப் பேசியது. பேரப்பிள்ளைகளோ தங்களைத் தனியாக எண்ணுங்கள் என்று கேட்டார்கள். 2024இல்தான் மத்திய கிழக்கு, வட ஆபிரிக்காவினர் என்று தனிக் கட்டம் தருவதற்கு அமெரிக்க அரசு விதியை மாற்றியது.

ஆக, பிரான்ஸ் கண்ணைப் பொத்திக்கொள்கிறது, அமெரிக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறது. இனவெறியை எழுத்தில் சட்டமாக்கிய நாடு என்பதால், அதை ஒழிக்கவும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. கறுப்பின மக்கள் 1960களில் இரத்தம் சிந்தி வென்ற சிவில் உரிமைச் சட்டங்களின் நிழலில்தான் எங்களைப் போன்ற பின்வந்தவர்கள் குந்தியிருக்கிறோம். மிச்சிகனில் சந்தித்த நம்மவர்களில் அநேகர் இதை மறந்துவிட்டுத் தங்கள் கெட்டித்தனத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

2004 மார்ச் மாதத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பிரான்சில் முக்காட்டுத் தடைச் சட்டம் கையெழுத்தான அதே மாதம், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் மஸ்கோகி என்ற ஊரில் ஒரு சிறுமிக்காக மத்திய நீதித் திணைக்களம் வழக்கில் இறங்கியது. முக்காடு அணிந்ததற்காக அவளைப் பாடசாலை இடைநிறுத்தியிருந்தது. இறங்கியது யாருடைய அரசாங்கம்? ஈராக்கின்மீது படையெடுத்த அதே புஷ் அரசாங்கம்! பாடசாலை இறங்கிவந்து விதியை மாற்றியது. 2015இல் முக்காட்டுக்காக வேலை மறுக்கப்பட்ட பெண்ணொருத்தியின் பக்கமாக உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பழைமைவாதியென்று பெயரெடுத்த நீதியரசர் ஸ்கலியா. 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் பெல்ஜியத்திலிருந்து இதே மாதிரியான வழக்கு வந்தது. எல்லா மதச் சின்னங்களையும் ஒரேயளவாகத் தடுக்கும் கம்பனி விதி நேரடிப் பாகுபாடாகாது என்றது அந்த நீதிமன்றம். அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் தலையில் தொப்பி போடக்கூடாதென்று 1837 முதல் ஒரு விதி இருந்தது. முக்காட்டோடு இல்ஹான் ஒமர் தெரிவானதும் 2019 ஜனவரியில் அந்த விதியைத் திருத்தினார்கள். பிரான்சில் முக்காட்டோடு ஒரு பெண் தபால் நிலையத்தில் முத்திரைகூட விற்க முடியாது. அரச ஊழியர் எவரும் சேவையின்போது மதச் சின்னம் அணியக்கூடாதென்பது அங்குள்ள விதி.

இதை வாசித்து அமெரிக்காவை மெச்சத் தொடங்குபவர்களுக்கு என் மருமகனின் கதையைச் சொல்ல வேண்டும். 2002இல் அவர் அங்கே மாணவர். அந்த வருடம் இருபத்தைந்து நாடுகளிலிருந்து வந்த ஆண்கள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. வட கொரியா தவிர ஏனையவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அறைத் தோழரான பங்களாதேஷ்காரர் வரிசையில் நின்றார். இவர் வெளியே காரில் காத்திருந்தார். ஒரே பள்ளியில் ஒரே ஸப்பில் தொழுத இருவரில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அப்படிப் பதிந்தார்கள். பதின்மூவாயிரம் பேருக்கு மேல் நாடுகடத்தும் நடவடிக்கையில் மாட்டினார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்கு அதிலிருந்து ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மருமகன் இதைச் சொல்லும்போது எப்போதும் காரின் ஹீட்டர் வேலை செய்யாததைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்வார்.

பிறகு 2017இல் முஸ்லிம் நாடுகளின் மீதான பயணத் தடை, 2018இல் அதற்கு உயர் நீதிமன்றத்தின் ஆமோதிப்பு, 2021இல் நீக்கம், 2025இல் பன்னிரண்டு நாடுகளின்மீது புதிய தடை. அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளை அமெரிக்கப் பிரஜை என்று 1868ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதைச் சுருக்கும் கட்டளையொன்றில் 2025 ஜனவரியில் டிரம்ப் கையொப்பமிட்டார், நீதிமன்றங்கள் இடைநிறுத்தின. அதே 2025 நவம்பரில் நியூயோர்க் நகரத்தார் கம்பாலாவில் பிறந்த முஸ்லிமான சொஹ்ரான் மம்தானியை மேயராகத் தெரிவுசெய்தார்கள். ஒக்லஹோமாவிலும் அப்படித்தான். மஸ்கோகிச் சிறுமி வென்ற அந்த மாநிலத்திலேயே 2010இல் நூற்றுக்கு எழுபது பேர் ஷரீஆவைத் தடைசெய்ய வாக்களித்தார்கள். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உள்ளே வந்தவனை ஏற்றுக்கொள்ள அந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியும். வாசலில் நிற்பவனிடம்தான் அது முகத்தைக் காட்டுகிறது.

ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், அமெரிக்க முஸ்லிம்கள் டொக்டர்களும் பொறியியலாளர்களும், ஐரோப்பிய முஸ்லிம்கள் கூலிகளின் பிள்ளைகள் என்று பதில் சொல்வது வழக்கம். 1965ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது உண்மை. 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்த ஜேர்மனி கை உழைப்பைத்தான் கேட்டது என்பதும் உண்மை. 'விருந்தினர் தொழிலாளி' என்று பெயர். 1964இல் பத்து இலட்சமாவது விருந்தினராக வந்திறங்கிய போர்த்துக்கல்காரருக்குக் கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு மொப்பெட் சைக்கிள் பரிசளித்தார்கள். பரிசு கொடுத்தவர்கள் கடவுச்சீட்டுக் கொடுக்க நினைக்கவில்லை. அங்கே பிறந்த துருக்கிப் பிள்ளை பிறப்பாலேயே ஜேர்மன் பிரஜையாக 2000ஆம் ஆண்டுவரை பொறுக்க வேண்டியிருந்தது. இரண்டு பிரஜாவுரிமையையும் பொதுவாக வைத்திருக்க 2024வரை. ஐரோப்பாவைக் குறை சொல்லும் எங்கள் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் வளைகுடாவை நினைப்பதில்லை. முப்பது வருடம் ரியாதிலும் தோஹாவிலும் உழைத்த எங்கள் ஊரவர் எவருக்கும் அங்கே பிரஜாவுரிமை கிடைத்ததாக நான் அறியேன். ஒரு மொப்பெட்டும் கிடைக்கவில்லை.

ஆனால் கூலிக் கதை டியர்போனுக்குப் பொருந்தாது. அங்குள்ள லெபனானியரும் யெமனியரும் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலைக்கு உழைக்க வந்தவர்களின் வாரிசுகள்தாம். ஹென்றி ஃபோர்டும் அவர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய ஆங்கிலப் பாடசாலையில் பட்டமளிப்பு விழா என்றால் மேடையில் பெரிய கொப்பரை ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் தங்கள் நாட்டு உடுப்போடு அதற்குள் இறங்குவார்கள். கோட்டும் சூட்டும் அணிந்து, அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். இன்றைய பிரான்சைப் பழிக்கும் அமெரிக்கர் அந்தக் கொப்பரையை மறந்துவிட்டார்கள்.

எனக்குப் படுவது வேறொன்று. பிரெஞ்சுக் குடியரசு கத்தோலிக்கச் சபையோடு நூறு வருடம் மல்லுக்கட்டி 1905இல் அதைப் பிரித்துவிட்டது. மதம் என்றால் அதிகாரத்தைப் பறிக்க வரும் எதிரி என்ற நினைவு அவர்கள் எலும்பில் ஊறியிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன முதற்குடிகளில் பலர் மதத்துக்காக ஓடியவர்கள். அங்கே பள்ளிவாசல் என்பது தெருவில் இன்னுமொரு ஆலயம். போலந்துக் கத்தோலிக்கரின் ஊராக இருந்த ஹம்ட்ராம்க்கில் 2004இல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல நகரசபை இடம்கொடுத்தது. எதிர்த்தவர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள், தோற்றார்கள். 2009இல் சுவிற்சர்லாந்தும் வாக்கெடுப்பு நடத்தியது. நாடு முழுவதிலும் நாலே நாலு மினராக்கள் இருந்த நேரம், இனிமேல் கட்டக்கூடாதென்று 57.5 வீதத்தினர் வாக்களித்தார்கள்.

பிரித்தானியா இரண்டுக்கும் நடுவில். அங்கே 1976இல் இனப் பாகுபாட்டுச் சட்டம் வந்தது. தலைப்பாகை கட்டிய சீக்கிய மாணவன் ஒருவனின் வழக்கில், 1983இல், சீக்கியர் ஓர் இனம் என்று பிரபுக்கள் சபை தீர்மானித்தது. முஸ்லிம்கள் இனமல்ல, மதம் மட்டுமே என்பதால் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். தொழிலிடத்தில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் 2003இல்தான் வந்தன. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இனமா மதமா என்ற கேள்வியில் எங்களைவிடத் தேர்ச்சி பெற்றவர் யார்? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நாங்கள் மதத்தால் மட்டுமே வேறானவர்கள், இனத்தால் தமிழர் என்று கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதினார். ஒரு சட்டசபை ஆசனத்தைச் சுற்றி எழுந்த வாதம் எங்கள் பிறப்புப் பதிவில் போய்ப் படிந்துவிட்டது. தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாத என் கை, அதன் பிறகுதான் 'சோனகர்' என்று எழுதப் பழகிற்று. அந்தக் கட்டம் எங்களுக்கு ஆசனமும் தந்தது, 1990 ஒக்டோபரில் யாரைப் பிரித்தெடுப்பது என்பதையும் காட்டிக் கொடுத்தது.

மச்சானின் மகள் இப்போது கணித ஆசிரியை. ஆசிரியப் போட்டிப் பரீட்சையில் அவள் சித்தியடைந்தவுடன் எங்கள் வீட்டில் சந்தோஷத்தைவிட வாக்குவாதம்தான் கூடியது. அரசாங்கப் பாடசாலையில் முக்காட்டோடு படிப்பிக்க முடியாது. மகள் மிச்சிகனிலிருந்து பேசி, இங்கே வா, படிப்பை இங்கே தொடரலாம், இதே ஸ்கார்ப்போடு வகுப்பில் நிற்கலாம் என்று அழைத்தாள். என்னுடைய வீட்டுக்காரியும் அதையே சொன்னார். ஓய்வு பெற்ற வாத்தியார் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. அவளுக்கு நான் எழுதியது, எந்த நாட்டுக்குப் போ என்றல்ல. இரண்டு நாட்டிலும் நான் கண்டதை, மேலே எழுதிய மாதிரியே எழுதினேன்.

வட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தது. "மாமா, அங்க முக்காட்டுக்குச் சட்டம் இருக்கு, விளங்குது. எனக்கு வருத்தம் வந்தா இஞ்ச ஆரும் முதல்ல காசு கேக்கிறதில்லை. யூனிவர்சிட்டிக்கு வருஷம் சில நூறு யூரோதான் கட்டினனான். வாப்பா பீங்கான் கழுவின காசில அமெரிக்காவில என்னைப் படிப்பிச்சிருக்க ஏலுமா? இது என்ர நாடு. வீட்டில பிழை இருந்தா வீட்டை விட்டுப் போறதா? வாப்பா ஒருக்கா விட்டிட்டு வந்தவர். நான் போகேல்லை."

என் மனைவி அந்தப் பதிவை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார்.

2025 செப்டெம்பரில் அவளுக்கு முதல் நியமனம் கிடைத்தது. காலையில் பாடசாலைக்குச் சற்று முன்னால் ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்று கழற்றுகிறாளாம். அவளுடைய வகுப்பு மாணவி ஒருத்தியும் அதே தரிப்பிடத்துக்கு வருகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஒரு நாள் அந்தப் பிள்ளை கணுக்கால்வரை நீண்ட உடுப்போடு வந்திருக்கிறாள். அதிபர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, இது அபாயாவா, வெறும் சட்டையா, உங்களுக்குத்தானே தெரியும் என்று கேட்டாராம். பிரஜையிடம் நீ யாரென்று கேட்காத குடியரசு, இவள் யாரென்று தெரிந்துதான் அந்தக் கேள்வியை இவளிடம் கேட்டது.

"சட்டை எண்டு சொன்னன், மாமா. கடையில வாங்கின சட்டை. பிறகு அந்தப் பிள்ளைக்கு அட்சர கணிதம் வரேல்லை, அதைப் பாக்க வேணும்."

வருகிற கோடை விடுமுறையில் மிச்சிகன் போகப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறாள். மூன்று வாரத்துக்குத்தான், பேரனைப் பார்க்க.